புலமைப்பரிசில் தேடுமுன் கற்கைநெறியை விரித்துப் பாருங்கள்

சென்ற ஆண்டு களுவாஞ்சிக்குடிப் பக்கமிருந்து ஒரு தங்கச்சி என்னிடம் வந்தாள். உளவியலில் இளமாணி முடித்தவள். கையில் பிரித்தானியப் பல்கலைக்கழகம் ஒன்றின் முதுமாணி அனுமதிக் கடிதம். "மிஸ், புலமைப்பரிசில் மட்டும் கிடைத்தால் போதும். திரும்பி வந்து ஆஸ்பத்திரியில் மருத்துவ உளவியலாளராக வேலை செய்வேன்" என்றாள்.

பாட விவரத்தை வாங்கிப் பார்த்தேன். ஒரு வருடம், வகுப்புகளும் ஓர் ஆய்வுக் கட்டுரையும். மேற்பார்வையின் கீழ் நோயாளரைப் பார்க்கும் பயிற்சி ஒரு மணித்தியாலம்கூட இல்லை. அவள் நினைத்த வேலைக்கு அது போதாது என்று சொல்லவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் என்னிடம் வரும் பிள்ளைகளில் அநேகர் இப்படித்தான், காசு வரும் வழியை முதலில் தேடுகிறார்கள். பிரித்தானிய அரசு கொடுக்கும் செவ்னிங் நல்ல புலமைப்பரிசில். ஆனால் அது ஒரு வருட முதுமாணிக்கானது. ஆய்வு, கொள்கை வகுப்பு, சமூக உளநலத் திட்டங்கள் என்று போக விரும்புவோருக்கு அது பொருந்தும். முடித்ததும் நம் நாட்டுக்குத் திரும்பி இரண்டு வருடம் இங்கே இருக்க வேண்டும். அமெரிக்காவில் மருத்துவ உளவியலாளராக உரிமம் பெறப் பெரும்பாலும் கலாநிதிப் பட்டமே தேவை. அங்கே பல பல்கலைக்கழகங்கள் கலாநிதி மாணவருக்குக் கற்பித்தல், ஆய்வு உதவியாளர் வேலை கொடுத்துக் கட்டணத்தையும் பொறுப்பெடுக்கின்றன. புலமைப்பரிசில் பட்டியலை மட்டும் பார்ப்பவர் கண்ணில் இது படுவதில்லை. நோயாளரைப் பார்ப்பதுதான் ஆசை என்றால், கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் மருத்துவ உளவியல் முதுதத்துவமாணியையும் (MPhil) ஒருமுறை விசாரியுங்கள்.

இன்னொன்று. செவ்னிங்குக்கு 2,800 மணித்தியால வேலை அனுபவம் வேண்டும். சம்பளமில்லாத தொண்டு வேலையும் அதில் சேரும். 2004 சுனாமிக்குப் பிறகும், 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதலுக்குப் பிறகும் நம் பிள்ளைகள் வீடு வீடாகப் போய் எத்தனை பேருக்குத் துணையிருந்தார்கள்! அந்த உழைப்புக்கு ஒரு துண்டுக் கடிதம்கூட வாங்கி வைத்தவர்கள் மிகக் குறைவு.

அப்புறம், விண்ணப்பக் கட்டுரை. "போராலும் சுனாமியாலும் பாதிக்கப்பட்ட மாவட்டம்" என்று எல்லோரும் தொடங்குகிறார்கள். அதை விடுங்கள். வாகரையில் ஓர் அம்மா என்னிடம் "நெஞ்சுக்குள்ள ஏதோ பாரமாக் கிடக்கு மகள்" என்றார். பல மாதமாக நெஞ்சு நோவுக்கு மருந்தெடுத்தவர். துக்கத்தை உடம்பால் பேசும் அப்படிப்பட்டவரைத் தமிழில் கேட்டறிய யார் இருக்கிறார்கள்? நீங்கள் நேரில் கண்ட அப்படி ஒருவரைப் பற்றி, அவருக்காக என்ன படிக்கப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். திரும்பி வந்து என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கும் பதில் அதற்குள் வந்துவிடும்.

அந்தத் தங்கச்சி அனுமதிக் கடிதத்தை விட்டுவிட்டாள். இப்போது ஒரு பெண்கள் அமைப்பில் வாரத்தில் மூன்று நாள் போகிறாள். மாதக் கடைசியில் மணித்தியாலக் கணக்கை எழுதி, பொறுப்பாளரிடம் ஒப்பம் வாங்கி, ஒரு கோப்பில் போட்டு வைக்கிறாள்.