மெத்தென்ற சீட் ஏன் வலிக்கிறது?

சைக்கிள் கடையில் சீட் வாங்கப் போகிறவர் முதலில் செய்வது, கட்டைவிரலால் அதை அமுக்கிப் பார்ப்பதுதான். விரல் நன்றாக உள்ளே இறங்கினால் முகம் மலரும். பெட்டியில் ‘ஜெல்’ என்று போட்டிருந்தால் இன்னும் திருப்தி. மார்க்கெட்டுக்குப் போய்வர அந்த சீட் தாராளமாகப் போதும். அதே சீட்டோடு 200 கி.மீ. பிரெவேக்குக் கிளம்பினால் பாதி வழியிலேயே நெளிய ஆரம்பித்துவிடுவீர்கள்.

பிரெவே என்பது பந்தயம் அல்ல, குறித்த நேரத்துக்குள் ஓட்டி முடிக்க வேண்டிய நெடுந்தூரப் பயணம். 200 கி.மீ.க்குப் பதின்மூன்றரை மணி நேரம், 600 கி.மீ.க்கு 40 மணி நேரம். 1891-இல் முதன்முதலாக நடந்த பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் என்ற பிரெஞ்சு நெடுந்தூரப் பயணத்தில் இன்று சுமார் 1,200 கி.மீ.க்கு அதிகபட்சம் 90 மணி நேரம் தருகிறார்கள். சென்னையிலும் கோவையிலும்கூட பிரெவே ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இத்தனை மணி நேரம் உடம்பின் எந்தப் பகுதி எடையைத் தாங்குகிறது என்பதில்தான் சீட்டின் சூட்சுமமே இருக்கிறது.

பலகை நாற்காலியில் உட்கார்ந்து உள்ளங்கைகளைப் பிட்டத்துக்கு அடியில் கொடுத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் கெட்டியான முடிச்சு மாதிரி ஒன்று தட்டுப்படும். இடுப்பெலும்பின் அடிமுனைகள் அவை. உட்காரும் எலும்புகள் என்று வைத்துக்கொள்வோம். எடையைச் சுமப்பதற்கென்றே அமைந்தவை. பழகிவிட்டால் மணிக்கணக்கில் தாங்கும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கவட்டுப் பகுதியின் கதை வேறு. பிறப்புறுப்புக்குப் போகும் ரத்தக் குழாய்களும் புடெண்டல் நரம்பும் அந்த வழியாகத்தான் செல்கின்றன. அங்கே எடை விழக் கூடாது. நல்ல சீட் என்பது எடையை எலும்பில் இறக்கிவிட்டு நடுப்பகுதியை விட்டுவைப்பது. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

மெத்தென்ற சீட் இங்கேதான் காலை வாருகிறது. தலையணையில் முழங்கையை ஊன்றினால் முழங்கை உள்ளே போகும், சுற்றியிருக்கும் பஞ்சு மேலெழும்பும். சீட்டிலும் அதே கதைதான். எலும்புகள் இரண்டும் ஜெல்லுக்குள் அமிழ, நடுவில் இருக்கும் ஜெல் பிதுங்கிக் கவட்டை அமுக்குகிறது. கொலோன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2002-இல் வெளியிட்ட ஆய்வு இதை எண்ணிக்கையில் காட்டியது. சைக்கிள் ஓட்டும் ஆண்களின் பிறப்புறுப்புத் தோலில் ஆக்சிஜன் அளவைப் பதிவு செய்தார்கள். குறுகலான, திணிப்பு நிறைந்த சீட்டில் அது சுமார் 82 சதவீதம் சரிந்தது. மூக்கு, அதாவது முன்னால் குறுகி நீளும் பகுதி, இல்லாத அகல சீட்டில் சரிவு 20 சதவீதம்தான். திணிப்பைவிட வடிவம் முக்கியம் என்று அதற்குப் பிறகும் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

அப்படியானால் எல்லோரும் மூக்கில்லாத சீட்டையே போட்டுக்கொள்ளலாமே? அமெரிக்காவில் சைக்கிளில் ரோந்து போகும் 90 போலீஸ்காரர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். முந்தைய ஆறு மாதத்தில் பிறப்புறுப்பு ஒருமுறைகூட மரத்துப்போகவில்லை என்றவர்கள் தொடக்கத்தில் 27 சதவீதம். புது சீட்டில் ஆறு மாதம் ஓட்டிய பிறகு 82 சதவீதம். பலன் கண்கூடு. ஆனாலும் நெடுந்தூரம் ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் மூக்கை விடுவதில்லை. வளைவிலும் இறக்கத்திலும் தொடைகளால் மூக்கை அணைத்துத்தான் வண்டியைக் கட்டுப்படுத்துகிறோம். களைப்பில் கொஞ்சம் முன்னே தள்ளி உட்காரவும் அது வேண்டும். நடுவில் பள்ளமோ துளையோ வைத்த சீட்டும் மூக்கு குட்டையான சீட்டும் இந்த இரண்டுக்கும் இடையிலான சமரசங்கள். துளையிலும் ஒரு சிக்கல் உண்டு. நடுவிலிருந்து எடுத்த அழுத்தம் எங்கும் மறைந்துவிடாது, துளையின் விளிம்புக்கு நகரும். விளிம்பு கூர்மையாக இருந்தால் அங்கே வெட்டும். பெண்களில் பலருக்கு மூக்குப் பகுதியில்தான் உரசலும் வீக்கமும் வருவதால், துளை எவ்வளவு முன்னே வரை நீள்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

அகலத்துக்கு வருவோம். உட்காரும் எலும்புகளின் இடைவெளி ஆளுக்கு ஆள் மாறும். பெரும்பாலும் 10 முதல் 14 செ.மீ.க்குள் இருக்கும். உடம்பு பெருத்தவருக்கு இடைவெளி அதிகம் என்று கணக்குப் போடக் கூடாது. சதை வேறு, எலும்பு வேறு. பெண்களுக்குச் சராசரியாகச் சற்று அகலம்தான், ஆனாலும் ‘லேடீஸ் சீட்’ என்ற பெயரை நம்பி வாங்குவதைவிட அளந்து வாங்குவது மேல். அட்டைப்பெட்டியிலிருந்து நெளிவரி வைத்த அட்டையில் ஒரு துண்டை வெட்டிக்கொள்ளுங்கள். கெட்டியான ஸ்டூல் மேலோ படிக்கட்டிலோ அதைப் போட்டு, மெல்லிய துணி உடுத்தி உட்கார்ந்து, ஹேண்டில்பாரைப் பிடிப்பது போல முன்னால் சாயுங்கள். முழு எடையும் இறங்க, குதிகால்களைத் தூக்கிக்கொள்ளுங்கள். அரை நிமிடம் கழித்து எழுந்து பார்த்தால் அட்டையில் இரண்டு குழிகள் இருக்கும். தெளிவாகத் தெரியாவிட்டால் சாக்பீஸைப் படுக்கவைத்து மேலே தேய்த்தால், குழி மட்டும் வெள்ளை படாமல் தனித்து நிற்கும். ஒரு குழியின் நடுவிலிருந்து மற்றதன் நடுவுக்கு ஸ்கேல் வைத்து அளந்து, அதோடு சுமார் 2 செ.மீ. கூட்டுங்கள். 12 செ.மீ. வந்தால் 140 மி.மீ.யை ஒட்டிய சீட் பொருந்த வாய்ப்பு அதிகம். ‘வாய்ப்பு’ என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சீட்டின் மேல் எழுதியிருப்பது ஓரத்திலிருந்து ஓரம் வரையான அகலம். ஓரங்கள் கீழ்நோக்கி வளைந்த சீட்டில் எலும்புக்குக் கிடைக்கும் இடம் அதைவிடக் குறைவு.

உட்காரும் கோணமும் இந்தக் கணக்கில் சேரும். பால்காரர் சைக்கிளில் ஸ்பிரிங் வைத்த அகலமான சீட் இருந்ததற்குக் காரணம், அவர் முதுகை நிமிர்த்தி ஓட்டியதுதான். எடை முழுவதும் பின்பக்கம் இறங்கியது. ரோடு பைக்கில் குனியும்போது இடுப்பு முன்னால் உருள்கிறது. உட்காரும் எலும்பிலிருந்து முன்னே ஓடும் கிளைகள் போகப் போக ஒன்றையொன்று நெருங்குகின்றன. எனவே குனியக் குனியத் தேவைப்படும் அகலம் குறையும். பால்காரர் சீட்டை ரோடு பைக்கில் மாட்டினால் தொடையில் இடிக்கும்.

சரியான சீட்டையும் தவறாக மாட்டிக் கெடுக்கலாம். உயரம் கூடிவிட்டால் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இடமும் வலமும் ஆடி, தொடையிடுக்கை உரசித் தோலைக் கிழிக்கும். பின்னால் வரும் நண்பரைப் பார்க்கச் சொன்னால் உடனே கண்டுபிடித்துவிடுவார். மூக்கு மேலே தூக்கியிருந்தால் கவடு மரக்கும். மரக்கிறதே என்று ஒரேயடியாகக் கீழே சாய்த்தால் உடம்பு முன்னால் வழுக்கிக்கொண்டே இருக்கும். அதைத் தடுத்துத் தடுத்துக் கை மரக்கும். மட்டமாக வைத்து ஆரம்பித்து ஒரு டிகிரி, இரண்டு டிகிரி என்று மாற்றிப் பார்ப்பதுதான் வழி. செல்போனில் இருக்கும் மட்டப்பலகை ஆப் இதற்குப் போதும்.

வலியில் ரகம் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். புது சீட்டில் முதல் சில வாரம் எலும்பு இருக்கும் இடத்தில் வலித்தால் கவலைப்பட வேண்டாம், பழகிவிடும். மரத்துப்போவது பழகுகிற விஷயமே அல்ல. ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். நரம்பு நசுங்குவதற்கான அறிகுறி அது. ஒரே பக்கம் மட்டும் புண்ணானால் சீட்டைத் திட்டுவதற்கு முன், உயரம் சரியா, கால்களின் நீளத்தில் வித்தியாசம் இருக்கிறதா என்று பாருங்கள்.

கடலோர ஊர்களில் வியர்வையும் ஒரு எதிரி. ஊறிய தோலுக்கு உரசல் அதிகம். மயிர்க்கால்களில் கிருமி புகுந்து கொப்புளம் கிளம்பினால் அடுத்த பல கிலோமீட்டருக்கு நரகம்தான். பேட் வைத்த ஷார்ட்ஸுக்கு உள்ளே ஜட்டி போடக் கூடாது. அதன் தையல்தான் முதலில் அறுக்கும்.

ஈசிஆர் போன்ற சமதளச் சாலைக்கு இன்னொரு குணம் உண்டு. மலையேறும்போது அவ்வப்போது எழுந்து மிதிப்போம், ரத்தம் தானாகத் திரும்பப் பாயும். சமதளத்தில் எழுவதற்குக் காரணமே கிடைக்காது. போதாததற்கு, கால் களைத்து மிதி லேசாக ஆக ஆக, பெடல் தாங்கிக்கொண்டிருந்த எடையும் சீட்டின் மேல் வந்து விழும். கடைசி 50 கி.மீ. அதிகமாக வலிப்பதற்கு இதுவும் காரணம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறையாவது வேண்டுமென்றே எழுந்து நின்று மிதியுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும், பிரெவே ஓட்டுகிறவர்களில் பலர் கடைசியில் போய் நிற்பது கட்டைவிரலுக்குக் கொஞ்சமும் அசையாத தோல் சீட்டில். புரூக்ஸ் நிறுவனத்தின் பி17 என்ற தோல் சீட் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்யப்படுகிறது. திணிப்பே கிடையாது. முன்னும் பின்னும் இழுத்துக் கட்டிய தடித்த தோல், அவ்வளவுதான். ஓட்ட ஓட்ட, உட்காரும் எலும்புகள் படும் இடத்தில் மட்டும் குழி விழுந்து, ஓட்டுகிறவருக்கென்றே தைத்தது போல ஆகிவிடும். எடை அதிகம், பழகும்வரை கல்தான், மழையும் ஆகாது. ஈரத்தில் ஊறிய தோல் மேல் தொடர்ந்து உட்கார்ந்தால் நிரந்தரமாகத் தொய்ந்துவிடும். அதனால் மழைக்காலத்தில் பையில் ஒரு உறை இருக்கட்டும். ஓட்டல் குளியலறையில் கிடைக்கும் ஷவர் கேப்பே போதும். அதையும் மீறி நனைந்துவிட்டால் நிழலில்தான் காயவைக்க வேண்டும், வெயிலில் அல்ல.