சராசரி மழை எந்த வருஷம் பெய்தது?

வடகிழக்குப் பருவமழை முடிகிற சமயம் செய்தியில் ஒரு வரி தவறாமல் வரும்: தமிழகத்தில் இயல்பை விட இத்தனை சதவீதம் கூடுதல், அல்லது இத்தனை சதவீதம் குறைவு. இந்த ‘இயல்பு’ பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை, பல பத்தாண்டு மழைக் கணக்கைக் கூட்டி வகுத்த சராசரிதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழ்நாட்டுக்கு அது ஏறத்தாழ 44 செ.மீ.

2015ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பருவத்தில் 53 சதவீதம் கூடுதல், சென்னையும் கடலூரும் மூழ்கின. மறு வருஷமே 62 சதவீதம் குறைவு, டெல்டாவில் பயிர் கருகியது. செ.மீ. கணக்கில் முதல் வருஷம் சுமார் 67, அடுத்தது சுமார் 17. கூட்டி இரண்டால் வகுத்தால் 42. வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில் 19 சதவீதம் வரை கூடினாலும் குறைந்தாலும் இயல்பு என்றுதான் பெயர், ஆக இந்த 42 தாராளமாக இயல்பு. ஒரு வெள்ளத்தையும் ஒரு வறட்சியையும் கலந்தால் நல்ல மழை வருஷம் கிடைத்துவிடுகிறது!

கணக்கில் தப்பு எதுவும் இல்லை. சராசரியிடம் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டோம், அவ்வளவுதான். மொத்தத்தைச் சமமாகப் பங்கு வைத்தால் ஆளுக்கு எவ்வளவு என்று மட்டும்தான் அதற்குச் சொல்லத் தெரியும். பங்கு எவ்வளவு தாறுமாறாகக் கிடந்தது என்று அதற்குத் தெரியாது.

அதைத் தெரிந்துகொள்ள இரண்டு ஊர்களைக் கற்பனை செய்வோம் (எண்கள் நானாகப் போட்டவை). முதல் ஊரில் ஐந்து வருஷ மழை 42, 44, 43, 46, 45. இரண்டாவது ஊரில் 17, 67, 30, 71, 35. இரண்டுக்குமே சராசரி 44தான். ஆனால் எந்த ஊரில் நிலம் வாங்குவீர்கள்?

இரண்டாவது ஊரின் ஒவ்வொரு வருஷமும் 44இலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பாருங்கள்: −27, 23, −14, 27, −9. இவற்றை அப்படியே கூட்டினால் பூஜ்யம் வரும், எப்போதுமே வரும், ஏனென்றால் கூடுதலும் குறைவும் சரிக்குச் சரி அடிபடுகிற இடத்துக்குத்தானே சராசரி என்று பெயர். அதனால் ஒரு சின்ன தந்திரம், ஒவ்வொன்றையும் அதாலேயே பெருக்கினால் கழித்தல் குறி காணாமல் போகும். 729, 529, 196, 729, 81. கூட்டினால் 2264, ஐந்தால் வகுத்தால் சுமார் 453, வர்க்கமூலம் எடுத்தால் 21 சொச்சம். பள்ளியில் திட்ட விலக்கம் என்று மனப்பாடம் செய்தோமே, அது இதுதான். முதல் ஊருக்கு இதே கணக்கைப் போட்டால் 1.4 வரும். (நீண்ட வரலாற்றிலிருந்து எடுத்த ஒரு சின்ன மாதிரிதான் இந்த ஐந்து வருஷம் என்றால் நான்கால் வகுக்கச் சொல்வார்கள். இப்போதைக்கு அது வேண்டாம்.) ஆக ‘44, கூடக்குறைய 21’ என்று சொன்னால்தான் அந்த ஊர் எப்படிப்பட்டது என்று புரிகிறது.

அப்புறம் இடைநிலை. எண்களை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுப்பது. 17, 30, 35, 67, 71 என்று அடுக்கினால் நடுவில் 35. சராசரியோ 44. ஏன் இந்த இடைவெளி? மழை பூஜ்யத்துக்குக் கீழே போக முடியாது, மேலே போக அப்படி ஒரு சுவர் இல்லை. ஒன்றிரண்டு பேய்மழை வருஷங்கள் சராசரியை மேலே இழுத்துவிடும். இந்த மாதிரி ஊரில் ஐந்தில் மூன்று வருஷம் மழை சராசரிக்குக் கீழேதான். “எங்கே சார் முன்ன மாதிரி மழை பெய்யுது” என்று டீக்கடையில் புலம்புகிறவரை நான் இப்போதெல்லாம் சட்டென்று மறுப்பதில்லை.

எங்கே அளந்தோம் என்பதும் முக்கியம். 2015 டிசம்பர் 2 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ., மீனம்பாக்கத்தில் 35, தாம்பரத்தில் 49. ‘சென்னையில் எவ்வளவு மழை’ என்றால் எதைச் சொல்வது? ஒரு மழைமானி என்பது ஊரிலிருந்து எடுத்த ஒரு கைப்பிடி மாதிரி, சோற்றுப் பதம் பார்ப்பது போல. ஆனால் சோறு ஒரே பானையில் வேகிறது. மழை அப்படிப் பெய்வதில்லை. ஆகவே மழைமானிகள் நிறைய வேண்டும், பரவலாகவும் வேண்டும்.

கடைசியாக, அந்த வெள்ளத்தின்போது அடிக்கடி காதில் விழுந்த ‘நூறு ஆண்டுக்கு ஒரு முறை’ என்ற பேச்சு. ஒரு முறை வந்துவிட்டது, இனி நூறு வருஷம் நிம்மதி என்று பலரும் எடுத்துக்கொண்டார்கள். அதன் பொருள் எந்த ஒரு வருஷத்திலும் அப்படி வர நூற்றில் ஒரு வாய்ப்பு என்பதுதான், போன வருஷம் வந்ததா இல்லையா என்று மேகம் பார்க்காது. பருவநிலை மாறாமல் அப்படியே இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு வருஷம் தப்பிக்க வாய்ப்பு 0.99. முப்பது வருஷமும் தொடர்ந்து தப்பிக்க 0.99ஐ முப்பது முறை பெருக்க வேண்டும், 0.74 வரும். அதாவது ஏரிக்கரையில் முப்பது வருஷக் கடனில் வீடு வாங்கினால், தவணை முடிவதற்குள் அந்த வெள்ளம் ஒரு முறையாவது வாசலுக்கு வர 26 சதவீத வாய்ப்பு, கிட்டத்தட்ட நாலில் ஒன்று.