பிஸ்கட் டப்பாவில் ஒரு குழு

நீலகிரியில் பந்தலூர் பக்கம் மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டம் என்றால் மாலை நாலரைக்குத் தொடங்கி ஐந்தரைக்குள் முடித்தாக வேண்டும். இருட்டினால் யானை வந்துவிடும். தேயிலைக் கொழுந்தை எடை போட்டுவிட்டு, இடுப்புச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் ஓடி வருகிறவர்களிடம் கணக்குப் பார்க்கலாம் என்றால் யார் கேட்பார்கள்? "அக்கா பார்த்துக்குவாங்க" என்று சேமிப்பை நீட்டிவிட்டு எழுந்துவிடுவார்கள். குழுக் கணக்குகளைத் தணிக்கை செய்கிற எனக்கு யானையைவிட அந்தப் பேச்சுதான் பயம்.

போன வருடம் ஒரு லயன் குடியிருப்புக்கு, அதாவது எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்குப் போனேன். பன்னிரண்டு பேரின் பாஸ்புத்தகமும், குழுவை நடத்துகிற ஊக்குநர் வீட்டு பிஸ்கட் டப்பாவில் இருந்தன. கூடவே, பணமெடுக்க ஊக்குநரோடு சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டிய பிரதிநிதி முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஏழு காலி பணமெடுக்கும் சீட்டுகள். ஏன் என்றேன். பேங்க்குக்கு இரண்டு பேர் போனால் இரண்டு பேருக்கும் ஒரு நாள் கூலி போச்சு, பஸ்ஸை விட்டால் மத்தியானம்தான் அடுத்தது என்றார்கள். காரணம் என்னவோ நியாயம்தான். ஆனால் இரண்டு கையெழுத்து எதற்காக வைத்தார்களோ அதற்கு அங்கே வேலையே இல்லை.

பேரேட்டுக்கும் வங்கிப் புத்தகத்துக்கும் 18,400 ரூபாய் இடித்தது. ஊக்குநர் அம்மா திருடவில்லை. கடன் தவணை கட்ட முடியாதவர்களுக்காக வாரச் சேமிப்பிலிருந்து கட்டியிருக்கிறார். அதை எழுதாமலே மூன்று மாதம் ஓடிவிட்டது. அவசரத்துக்குக் குழுச் சேமிப்பிலிருந்தே உள்கடனாகக் கொடுத்திருக்கலாமே? சேமிப்பில் பெரும்பகுதியை வங்கிக் கிளை கடனுக்கு ஈடாக நிறுத்தி வைத்திருந்தது. குழுக்களுக்கு வங்கிக் கடன் கிடைக்க 1992இல் ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு தொடங்கிய வங்கி இணைப்பின் அடிப்படையே குழு தன் சேமிப்பைத் தனக்குள் கடனாகச் சுற்றவிடுவதுதான். பத்து லட்சம் ரூபாய் வரையிலான குழுக் கடனுக்கு ஈடு கேட்கக் கூடாது, சேமிப்புக் கணக்கைப் பிடித்து வைக்கவும் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். அதை எழுதிக் கொடுத்துக் கேட்ட பிறகுதான் விட்டார்கள்.

இன்னொன்று. பத்துப் பேர் தேறவில்லை என்று குழுவே தொடங்காத பணியர், காட்டுநாயக்கர் குடியிருப்புகளைப் பார்க்கிறேன். தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தில், தொலைதூரப் பழங்குடிப் பகுதிகளுக்கு ஐந்து பேரே போதும்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அந்த லயன் குழுவின் கணக்கை நேர்செய்தோம். அதற்குள் இரண்டு பேர் குழுவை விட்டுப் போயிருந்தார்கள். இப்போது கூட்டம் தொடங்கியதும், ஒன்பதாவது படிக்கும் ஒரு பெண் வங்கி இருப்பைச் சத்தமாகப் படிக்கிறாள். பேங்க்குக்குப் போகிறவர்களுக்குப் பஸ் காசும் அரை நாள் கூலியும் பொதுநிதியிலிருந்து போகிறது. தீர்மான நோட்டில் எழுதித்தான். வீண் செலவு என்று சிலர் முணுமுணுத்தார்கள், எனக்கு அப்படிப் படவில்லை.

ஊக்குநரை யாரும் மாற்றவில்லை. போன மாதம் போனபோது அதே டப்பாவைத் திறந்து நீட்டினார். உள்ளே முறுக்கு.