கொதிக்க வைத்தாலும் போகாத பாதரசம்

மீனின் தோலை உரித்து, கொழுப்பை வழித்தெடுத்து, புளியும் மஞ்சளும் போட்டுக் கொதிக்க வைத்தால் பாதரசம் போய்விடாதா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். போகாது. காரணம் கந்தகம். கனடாவின் கிராஸி நாரோஸ் பழங்குடி மக்களுக்குப் பாதரச நஞ்சால் நேர்ந்ததையும் அந்தக் கந்தகத்தை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

ஒன்டாரியோ மாகாணத்தின் வடமேற்கில் டிரைடன் என்ற ஊர். அங்கே காகித ஆலை. கூழை வெளுக்கக் குளோரின் வேண்டும். உப்புக் கரைசலை மின்னாற்பகுத்து அதை எடுத்தார்கள். எதிர்மின்வாயாக இருந்தது பாதரசம். 1962 முதல் 1970 வரை சுமார் 9 டன் பாதரசம் வாபிகூன் ஆற்றில் கலந்தது. ஆற்றின் கீழ்ப்போக்கில் கிராஸி நாரோஸ், வபசீமூங் என்ற இரண்டு அனிஷினாபே பழங்குடிச் சமூகங்கள். சாப்பாடும் மீன், பிழைப்பும் மீன். 1970இல் அரசு வணிக மீன்பிடிப்பை மூடியது. பிழைப்பு போயிற்று, வீட்டுச் சட்டியில் மீன் வேகுவது நிற்கவில்லை.

திரவப் பாதரசத்தை விழுங்கினால்கூடக் குடல் அதில் 0.01 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் உறிஞ்சும். வில்லங்கம் ஆற்றுச் சேற்றில் தொடங்குகிறது. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் சில பாக்டீரியாக்கள் அதற்குப் பதிலாக சல்பேட்டைச் சுவாசித்து வாழ்கின்றன. இவற்றில் சிலவற்றிடம் ஹெச்ஜிசிஏ, ஹெச்ஜிசிபி என்ற இரு மரபணுக்கள் உண்டு. முதலாவதன் புரதம் வைட்டமின் பி12 போன்ற ஒரு மூலக்கூறின் துணையோடு பாதரசத்தின் மேல் மீதைல் குழுவை, அதாவது ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த சிறு துண்டை, ஒட்டுகிறது. இரண்டாவதன் புரதம் எலக்ட்ரான் தந்து அதை அடுத்த சுற்றுக்குத் தயாராக்குகிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகக் குழு 2013இல் இதைக் கண்டுபிடித்தது. இரண்டில் எதை நீக்கினாலும் பாக்டீரியா பிழைத்துக்கொள்ளும். மீதைல் பாதரசம் மட்டும் உருவாகாது. அப்படி உருவான மீதைல் பாதரசத்தில் சுமார் 95 சதவீதத்தை நம் குடல் உறிஞ்சிவிடும்.

இனிதான் எனக்குப் பிடித்த இடம். பாதரச அணுவின் ஒரு பக்கத்தை மீதைல் பிடித்துக்கொண்டது. மறுபக்கம் கந்தகத்தைத் தேடுகிறது. புரதங்களில் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் நுனியில் கந்தகமும் ஹைட்ரஜனும் இருக்கின்றன. ஹைட்ரஜனைத் தள்ளிவிட்டுப் பாதரசம் அங்கே உட்கார்ந்துகொள்ளும். கொழுப்பில் இந்த இருக்கை கிடையாது. டிடிடி பூச்சிக்கொல்லி போன்றவை கொழுப்பில் தங்குவதால் கொழுப்பை நீக்கச் சொல்வதில் பொருள் உண்டு. பாதரசமோ சதையிலேயே இருக்கிறது. புளியின் அமிலமோ அடுப்பின் சூடோ அந்தப் பிணைப்பை அவிழ்க்காது. பொரித்தால் நிலைமை சற்று மோசம்: 50 மைக்ரோகிராம் பாதரசமுள்ள 100 கிராம் துண்டு, நீர் வற்றி 75 கிராமாகும், பாதரசம் அதே 50.

பிணைப்பு உறுதியானது, ஆனால் நிரந்தரமானதல்ல. பக்கத்தில் இன்னொரு கந்தகம் கிடைத்தால் நொடியில் தாவும். செரிமானத்திலும் ரத்தத்திலும் இப்படித் தாவித் தாவி, தனித்து மிதக்கும் சிஸ்டீன் ஒன்றோடு சேரும்போது அதன் உருவம் மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தை ஒத்துவிடுகிறது. மூளையின் ரத்த நாளச் சுவரில் உள்ள கடத்திப் புரதம், மெத்தியோனின் என்று நம்பி அதை உள்ளே விடுகிறது. நஞ்சுக்கொடியிலும் இதே ஏமாற்று. சிசுவின் ரத்தத்தில் தாயின் ரத்தத்தைவிட அதிகமாகவே பாதரசம் சேர்கிறது. முடியின் புரதமான கெரட்டினில் சிஸ்டீன் ஏராளம். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், ஒரு கற்றையைச் சென்டிமீட்டர் கணக்கில் நறுக்கி அளந்தால் எந்த மாதம் எவ்வளவு உள்ளே போனது என்று படிக்கலாம்.

கணக்குக்கு வருவோம். கருவிலிருக்கும் குழந்தையை மனத்தில் வைத்து உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் வகுத்த வரம்பு, ஒரு கிலோ உடல் எடைக்கு வாரம் 1.6 மைக்ரோகிராம். 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 96. கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் உள்ள மீனில் வாரம் 192 கிராமோடு அளவு முடிந்தது. 2 மில்லிகிராம் இருந்தால் 48 கிராம், அதாவது ஒரு சின்னத் துண்டு. உடலில் பாதி வெளியேறவே 50 முதல் 70 நாள் ஆகும். ஒரு வாரம் மீனை விட்டால் தீராது. பெரிய மீன் சின்ன மீனைத் தின்னும் ஒவ்வொரு படியிலும் செறிவு ஏறுவதால், வால்ஐ, பைக் போன்ற கொன்றுண்ணிகளைத் தவிர்த்து, பூச்சியும் நத்தையும் தின்னும் வெள்ளைமீனில் சிறியதைத் தேர்வது நல்லது.

9 டன் கொட்டியது 1970இலேயே முடிந்த கதை என்றுதான் பலர் நினைத்தார்கள். ஆலைக் கழிவுநீரில் இன்றும் வரும் சல்பேட்டும் கரிமப் பொருளும் சேற்று பாக்டீரியாக்களுக்குத் தீனி போட்டு மீதைல் பாதரசத்தைப் பெருக்குகின்றன என்று வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வு 2024இல் காட்டியது. பாதரசம் ஒரு துளிகூடப் புதிதாக விழாமலே ஆறு கெட்டுக்கொண்டிருக்கலாம்.

இதே வடமேற்கு ஒன்டாரியோவில், முழு ஏரிகளையே சோதனைக் குடுவையாக்கிய ஆய்வுப் பகுதி ஒன்று 1968 முதல் இயங்குகிறது. அங்கே ஓர் ஏரியில் தனியே அடையாளம் காணக்கூடிய பாதரச ஐசோடோப்பை (எடையில் மட்டும் மாறுபடும் பாதரச அணுவகையை) ஏழாண்டுகள் சேர்த்து, நிறுத்திப் பார்த்தார்கள். மீன்களில் அளவு வேகமாகக் குறைந்தது. ஏற்கெனவே தின்ற மீன்கள் பாதரசத்தை வெளியேற்றியதால் அல்ல. புதிதாகப் பிறந்தவை குறைவாக வாங்கியதால். இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் கனடிய அரசு 2012இல் நிதியை நிறுத்துவதாக அறிவித்தது! இப்படி டாலரை மிச்சம் பிடிக்கும் இந்தப் புத்திசாலித்தனம் எனக்குப் புரிந்ததே இல்லை. 2014இல் ஒரு தொண்டு நிறுவனம் பொறுப்பேற்றுக் காப்பாற்றியது. சுத்திகரிப்புக்கென ஒன்டாரியோ அரசு 2017இல் 8.5 கோடி டாலர் தருவதாக அறிவித்தது. சேற்றைத் தோண்டுவதா, மேலே மண் மூடுவதா என்று முடிவெடுக்க ஆண்டுகள் ஆகும். சல்பேட்டைக் குறைக்க ஆலையின் கழிவுநீர்க் குழாயிலேயே தொடங்கலாம்.