வெங்காய விதை பிடிப்பதில் போரானின் பங்கு

வெங்காயம் விதை தர இரண்டு பருவங்கள் தேவை. முதல் பருவத்தில் திரண்ட தாய் வெங்காயத்தைத் தேர்ந்து மீண்டும் நட்டு, குளிர்காலத்தைக் கடக்கவிட்டால்தான் அது பூத்தண்டு விடும். தண்டின் நுனியில் விரியும் உருண்டைப் பூங்கொத்தில் நூற்றுக்கணக்கான சிறு பூக்கள் இருக்கும். ஒவ்வொரு பூவின் சூலகத்திலும் மூன்று அறைகளும் அறைக்கு இரண்டு சூல்களும் இருப்பதால், ஒரு பூ அதிக அளவாக 6 விதைகள் தரலாம். வயலில் பெரும்பாலான பூக்கள் அந்த எண்ணிக்கையை எட்டுவதில்லை. தேனீக்கள் குறைவு, கடும் வெயில், நோய் எனக் காரணங்கள் பல. அவற்றுள் எளிதில் கண்ணில் படாதது, செடிக்கு மிகச் சிறிதளவே வேண்டிய நுண்சத்தான போரானின் குறைபாடு.

சூல்முடியில் விழுந்த மகரந்தத்தூள் முளைத்து, குழலாக நீண்டு, சூலை அடைந்த பின்னரே விதை உருவாகும். நீளும் குழலின் நுனியில் புதிய செல்சுவர் இடைவிடாது கட்டப்படுகிறது. அச்சுவரிலுள்ள பெக்டின் என்னும் மாவுச்சத்து வகைப் பொருளின் சங்கிலிகளை இணையிணையாகப் பிணைத்து நிறுத்துவது போரான். அது போதாதபோது மகரந்தம் முளைப்பது குன்றுகிறது, முளைத்த குழலும் வழியிலேயே வெடித்துவிடக்கூடும். தழை, மணி, சாம்பல் சத்துகளை எவ்வளவு இட்டாலும் இந்தக் குறை தீராது. போரான் செடிகளுக்கு இன்றியமையாதது என்பதை இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் கேத்தரின் வாரிங்டன் 1923-இலேயே மெய்ப்பித்தார்.

வேர் உறிஞ்சும் நீருடன் மேலேறும் போரான், நீர் மிகுதியாக ஆவியாகும் தாள்களிலேயே பெரும்பாலும் தங்கிவிடுகிறது. அங்கிருந்து பூக்களுக்கு எளிதில் இடம்பெயர்வதில்லை. ஆகவே தாள் பசுமையாக இருப்பதைக் கண்டு பூவுக்கும் சத்து போதும் என்று முடிவு செய்யக் கூடாது. பூக்கும் காலத்தில் மண் காய்ந்தால், நிலத்தில் இருக்கும் போரானும் வேருக்கு எட்டாமல் போகும்.

மற்றொரு நுண்சத்தான துத்தநாகத்தின் வேலை வேறு. வளர்ச்சி ஊக்கியான ஆக்சின் உருவாகவும் புரதம் சேரவும் அது வேண்டும். சுண்ணாம்பு மிகுந்த களர்த்தன்மையுள்ள மண்ணில் அது கரையாமல் முடங்கிவிடுவதால், 0.5 சத துத்தநாக சல்பேட் கரைசலை இலைவழியாகத் தெளிப்பது வழக்கம். தமிழ்நாட்டில் சின்ன வெங்காயம் பெரும்பாலும் விதைக்குப் பதில் வெங்காயத்தையே நட்டுப் பயிராகிறது. எனினும் விதைவழி வளரும் கோ 5 ரகம் வந்தபின், விதை பிடிப்பு இங்குள்ள உழவருக்கும் உரிய கேள்வியாகிவிட்டது.

போரானைத் தெளிப்பதாயின், பூத்தண்டு எழுந்து, பூங்கொத்தை மூடிய உறை பிரிவதற்கு முன் தெளிப்பதே முறை. வெங்காயப் பூவில் சூல்முடி பக்குவமடையும் முன்பே மகரந்தப்பைகள் வெடித்துவிடுவதால், வேறொரு பூவின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்தாக வேண்டும். மலர்ந்த பூக்களின்மேல் தெளித்தால் மகரந்தமும் நனையும், தேனீக்களின் வருகையும் தடைபடும். அளவிலும் கண்டிப்பு வேண்டும். போரானில் பற்றாக்குறைக்கும் நச்சுத்தன்மைக்கும் இடையிலான தொலைவு மிகக் குறுகியது. மிகுந்தால் தாள் நுனிகள் கருகும். வெந்நீரில் கரையும் போரான் ஒரு கிலோ மண்ணில் 0.5 மில்லிகிராமுக்குக் குறைவாக உள்ளதா என்பதை மண் பரிசோதனையில் அறிந்த பிறகே உரத்தைப் பற்றி முடிவெடுக்க வேண்டும்.