அலுமினியக் கூட்டுக்குள் எஃகுத் தண்டு: சூட்டுக்கு இடம் விட வேண்டுமா?

போன மாதம் என் பட்டறைக்கு 1968ஆம் வருட பி.எஸ்.ஏ. ஏ65 மோட்டார் சைக்கிள் ஒன்று வந்தது. பர்மிங்காமின் ஸ்மால் ஹீத் தொழிற்சாலையில் உருவான 654 சிசி இரட்டை சிலிண்டர் வண்டி. வேறொரு இடத்தில் எஞ்சினைப் பிரித்துக் கட்டி ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை. அதற்குள் ஐட்லிங்கில் அடியிலிருந்து ஒரு தட்டல். பிக் எண்ட் (கனெக்டிங் ராட் கிராங்கைப் பிடிக்கும் இடத்து பேரிங்) போய்விட்டது என்று முடிவுகட்டிய உரிமையாளர், அதற்கான புது ஷெல் செட்டையும் கையோடு வாங்கி வந்திருந்தார்.

பிரைமரி மூடியை (கிளட்சுக்குப் போகும் சங்கிலியின் மூடி) கழற்றி, கிராங்க் தண்டின் முனையில் டயல் கேஜை (நுண்ணிய நகர்வை ஊசியால் காட்டும் கருவி) வைத்து, உள்ளும் வெளியும் தள்ளிப் பார்த்தேன். ஊசி 0.35 மி.மீ. நகர்ந்தது. இந்த எஞ்சினின் கையேடு சொல்லும் எண்ட் பிளே (தண்டு நீளவாக்கில் நகர விடும் இடைவெளி) 0.0015 முதல் 0.003 அங்குலம், அதாவது ஏறத்தாழ 0.04 முதல் 0.08 மி.மீ. வரைதான்.

முன்பு கட்டியவர் கவனக்குறைவானவர் அல்லர். "சூடானால் இரும்பு நீளும், அதனால் கூடுதலாகவே இடம் விட்டிருக்கிறேன்" என்று சொல்லித்தான் வண்டியைக் கொடுத்திருக்கிறார். இந்தப் பேச்சை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். நல்ல கைகளும் தவறுவது இங்கேதான் என்பதால் எழுதுகிறேன்.

கிராங்க் எஃகு, அதைச் சுற்றியுள்ள கூடு (கிராங்க் கேஸ்) அலுமினியம். ஒரே அளவு சூட்டில் அலுமினியம் எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 100 மி.மீ. நீளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் 80 டிகிரி சூடேறினால், கூடு தண்டைவிடச் சுமார் 0.09 மி.மீ. அதிகம் நீண்டிருக்கும். ஆகவே எஞ்சின் சூடாகும்போது ஆட்டம் குறைவதில்லை, கூடுகிறது. குளிர்ந்த நிலையில் நாம் கூடுதலாக விடும் ஒவ்வொரு இழையும் ஓட்டத்தில் இன்னும் பெரிதாகும். கையேட்டின் அளவு அத்தனை இறுக்கமாக இருப்பதற்குக் காரணம் இதுவே. அதற்காக 0.04-க்கும் கீழே போய்விடவும் கூடாது. எண்ணெய்ப் படலம் நிற்க இடமில்லாமல் தண்டின் பக்கத் தள்ளலைத் தாங்கும் த்ரஸ்ட் வாஷர் முதல் நாளே உரசித் தேயும்.

ஆட்டம் மிகுந்தால் சத்தத்தோடு முடியாது. ஏ65-இல் ஆயில் பம்பைச் சுழற்றும் வார்ம் கியர் (திருகு போன்ற பல்சக்கரம்) கிராங்கின் டைமிங் முனையிலேயே, அதாவது கேம் கியர்கள் உள்ள பக்கத்திலேயே இருக்கிறது. தண்டு முன்னும் பின்னும் இடித்தால் அந்தப் பற்களும் இடிபடும். எஞ்சினின் உயிரே அந்தப் பம்பு.

1965 வரை வந்த வண்டிகளில் டிரைவ் பக்கம் (கிளட்சுக்குச் சுழற்சி போகும் பக்கம்) பால் பேரிங். தண்டை அதுவே பிடித்து நிறுத்திவிடும். 1966 மாடலில், அப்படிப் பிடித்து நிறுத்தாத ரோலர் பேரிங் வந்தபின்தான் இந்த ஷிம் (மெல்லிய தகட்டு வளையம்) வேலை. கிராங்க் வெப்புக்கும் (தண்டின் அகன்ற கைப்பகுதி) பேரிங்கின் உள்வளையத்துக்கும் நடுவே ஷிம் சேர்த்தால் ஆட்டம் குறையும். சொல்வது எளிது. ஒவ்வொரு முறையும் இறுகிப்போன உள்வளையத்தைப் புல்லர் போட்டு இழுக்க வேண்டியிருப்பதால், பலரும் ஒரே தடவை கட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். நான் ஒரு பழைய உள்வளையத்தின் துளையைத் தேய்த்து, கையால் ஏறி இறங்கும்படி வைத்திருக்கிறேன். சோதனைக்கு அது, இறுதியில் புதியது. ஆனால் இரண்டின் அகலத்தையும் மைக்ரோமீட்டரில் ஒப்பிடாமல் இதைச் செய்யாதீர்கள். நான் ஒருமுறை ஒப்பிடாமல் கட்டி, முழுக் கிராங்க் கேஸையும் மறுபடி பிளந்தேன்.

பொய் அளவுகள் எங்கிருந்தெல்லாம் வருகின்றன என்று பாருங்கள். கேஸைச் சூடாக்கி இறக்கிய பேரிங் முழுதாக அடியில் உட்காமல் இருக்கலாம். முனை நட்டை இறுக்காமல் அளந்தால், ஷிம்களுக்கு இடையிலுள்ள காற்றையும் சேர்த்து அளக்கிறோம். கெட்டியான எண்ணெய் பூசியிருந்தால் தண்டு கடைசிவரை நகராது. த்ரஸ்ட் வாஷரின் வெண்கல முகம் கிராங்கைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்ட வாஷரையும் பார்த்திருக்கிறேன். இரு கேஸ்களையும் எல்லா போல்ட்டுகளும் போட்டு இறுக்கி, தண்டை நான்கு நிலைகளில் திருப்பி நிறுத்தி அளப்பேன். நான்கும் ஒத்துப்போகவில்லை என்றால் ஷிம்மைத் தொடவே மாட்டேன்; ஏதோ ஒரு முகம் நேராக இல்லை.

கேஸ் திறந்திருக்கும்போதே டைமிங் பக்கப் புஷ்ஷையும் (தண்டு உள்ளே சுழலும் உலோகக் குழல்) அளந்துவிடுங்கள். பிக் எண்டுகளுக்கு எண்ணெய் போகும் வழி அதன் ஊடேதான். அது தேய்ந்திருந்தால் எண்ணெய் ஓரத்தில் கசிந்துவிடும். எண்ட் பிளேயை எவ்வளவு நுணுக்கமாக வைத்தும் பயனில்லை. தண்டுக்குள் இருக்கும் கசடுக் குழாயையும் திறந்து சுத்தம் செய்யுங்கள். அதைத் தள்ளிப்போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு உண்மையாகவே வருத்தம்.

இந்த வண்டியில் புஷ் நன்றாக இருந்தது. பிக் எண்ட் ஷெல்களில் கீறல்கூட இல்லை. உரிமையாளர் வாங்கி வந்த செட் பிரிக்கப்படாமலே அவரிடம் திரும்பியது. த்ரஸ்ட் வாஷரையும் வார்ம் கியரையும் மாற்றினேன். மூன்றாவது சோதனையில் நான்கு நிலைகளிலும் 0.06 வந்தது. அந்த எண்ணையும், போட்ட ஷிம்களின் தடிமனையும் ஒரு அட்டையில் எழுதி அவரிடம் கொடுத்திருக்கிறேன், அடுத்து இந்த எஞ்சினைத் திறப்பவருக்காக.