இதயம் மீண்டும் துடிக்கும், மூச்சுதான் வராது

மின்னல் தாக்கிக் கிடப்பவரைத் தொட்டால் நமக்கும் ஷாக் அடிக்குமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அடிக்காது. கரண்ட் கம்பியில் சிக்கியவர் உடலில் மின்சாரம் பாய்ந்துகொண்டே இருக்கும். மின்னலோ ஏறத்தாழ 30,000 ஆம்பியரோடு வந்தாலும் இமைப்பொழுதில் மண்ணில் இறங்கிவிடும். உடலில் எதுவும் தங்காது. தயங்காமல் தொடுங்கள்.

உள்ளே நடப்பது இதுதான். மின்னல், இதயத் தசை முழுவதையும் ஒரே கணத்தில் தூண்டி, துடிப்பை நிறுத்திவிடுகிறது. ஆனால் இதயத்துக்குச் சொந்தமாக ஒரு தாளக்காரர் உண்டு: சைனோ ஏட்ரியல் கணு. மூளையின் உத்தரவுக்குக் காத்திராமல் அது தானே துடிப்பை எழுப்பும். அதனால் நின்ற இதயம் பல நேரங்களில் தானாகவே மறுபடி துடிக்கிறது! மூச்சுக்கு அந்த வசதி இல்லை. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள மூச்சுத் தசையான உதரவிதானம் ஒவ்வொரு முறை சுருங்கவும், மூளையின் அடிப்பகுதியான முகுளத்திலிருந்து கட்டளை வந்தாக வேண்டும். அதிர்ந்துபோன முகுளம் தெளிய இன்னும் அதிக நேரம் ஆகும். அதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து, எழுந்த இதயம் இரண்டாம் முறை நிற்கிறது. அந்த இடைவெளியில் யாராவது வாயோடு வாய் வைத்து ஊதினால் போதும், அந்த உயிர் தங்கக்கூடும்.

இதனால்தான் பலர் ஒன்றாக விழுந்து கிடந்தால் பேச்சு மூச்சில்லாதவரிடம் முதலில் போகச் சொல்கிறார்கள். முனகுகிறவர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். கண்மணி விரிந்திருக்கிறது, கால் நீலம் பாரித்துச் சில்லிட்டிருக்கிறது என்று கைவிட்டுவிடாதீர்கள். மின்னல் பட்டவருக்கு இவை சாவின் அடையாளமாக இருக்க வேண்டியதில்லை.

சரி, என்ன செய்வது? இடி இன்னும் முழங்கினால் அவரைக் கட்டடத்துக்குள் தூக்கிச் செல்லுங்கள். 108-ஐ அழையுங்கள். மூச்சும் நாடியும் இல்லையென்றால் நெஞ்சின் நடுவே 30 அழுத்தம், பிறகு 2 ஊதல். அழுத்தும் வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. நாடி இருந்து மூச்சு மட்டும் இல்லையென்றால் ஆறு நொடிக்கு ஓர் ஊதல். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக் கூடாது.

சத்தீஸ்கர், ஜார்க்கண்ட் பக்கம் சில ஊர்களில் அடிபட்டவரைக் கழுத்துவரை சாணத்தில் புதைக்கிறார்கள், உடம்பிலுள்ள மின்சாரத்தைச் சாணம் இழுத்துவிடும் என்று. இழுக்க அங்கே மின்சாரமே இல்லை. மூச்சு கொடுக்க வேண்டிய நிமிடங்கள்தான் குழி வெட்டுவதில் போகின்றன. நாட்டில் ஆண்டுதோறும் 2,000 பேருக்கு மேல் மின்னலால் இறக்கிறார்கள். வயலில் நிற்பவர்களே அதில் அதிகம். மின்னலை முன்கூட்டிச் சொல்ல 'தாமினி' செயலி வந்தது நல்ல செலவு. அதே அக்கறையோடு நூறு நாள் வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒரு பொம்மையை வைத்து அரைமணி நேரம் இந்த முதலுதவியைச் சொல்லித்தரவும் பணம் ஒதுக்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் விழும்போது அங்கே நிற்கப்போவது அவர்கள்தான்.